அடுத்த பாலிஷர் எது? மைக்ரான் கணக்கும் ரூபாய்க் கணக்கும்

டெல்லி, புனே, ஹைதராபாத், கொல்கத்தா என எந்த நகரமாயினும், அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் விடியற்காலையில் நடைபெறும் வேலை ஒன்றுதான். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, இருபது முப்பது கார்கள். பத்தாவது காருக்கு வரும்போது முந்தைய ஒன்பது கார்களின் புழுதியும் அந்தத் துணியில் குடியேறியிருக்கும். புழுதியில் கலந்துள்ள மணல் துகள், காரின் வண்ணப்பூச்சைவிடப் பன்மடங்கு கடினமானது. நாள்தோறும் ஒருமுறை, ஆண்டுக்கு முந்நூற்றுக்கும் மேற்பட்ட முறை, அது பூச்சின்மீது இழுக்கப்படுகிறது. விளைவு, நண்பகல் வெயிலில் கறுப்பு அல்லது கருநீல நிறக் காரைப் பார்த்தால் தெரியும்: சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் நுண்கீறல்கள்.

இந்த வலையை அழிக்கும் ஆசையில் பாலிஷிங் இயந்திரம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளைக் காருடன் கழிப்போர் நம் வாடிக்கையாளர்களிடையே பெருகி வருகின்றனர். வாகனக் கடன் பிரிவில் பணிபுரிந்த காலத்தில், கடன் தவணையைப் பற்றிப் பேச வந்துவிட்டுப் பாலிஷ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களை நான் நிறையவே சந்தித்திருக்கிறேன். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். தொடக்கத்தில் எல்லோரும் வாங்குவது சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள எளிய இயந்திரம். ஓரிரு ஆண்டுகளில் கை வலிக்கிறது, வேலை நகரவில்லை, இதைவிட நல்லது வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. இக்கட்டுரை அந்த இரண்டாம் இயந்திரத்தைப் பற்றியது.

எடுக்கலாம், போட முடியாது

கீறல் மறைகிறது என்கிறோமே, உண்மையில் நிகழ்வது என்ன? கீறலை எதுவும் நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சு தேய்த்து அகற்றப்படுகிறது; அவ்வளவே. இன்றைய பெரும்பாலான கார்களில் உலோகத்தின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அவற்றின்மேல் நிறமற்ற கிளியர் கோட் என நான்கு அடுக்குகள் உண்டு. நான்கும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் பாதிப் பருமனுக்கு அருகில். மென்மையான பாலிஷ் ஒருமுறைக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவாக எடுக்கும். கடுமையான காம்பவுண்டும் முரட்டுப் பேடும் சேர்ந்தால் இரண்டு மூன்று மைக்ரான் போய்விடும்.

சூரியனின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருளும் இந்த மேலடுக்கில்தான் உள்ளது. ஆகவே 40 மைக்ரான் இருக்கிறதே என்று 40 மைக்ரானையும் செலவிட முடியாது. வங்கி மொழியில் கூறுவதானால், காரை வாங்கும் நாளில் தொழிற்சாலை நமக்குத் திறந்து தரும் ஒரு வைப்புக் கணக்கு இது. எடுக்கலாம், போட முடியாது. குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே சென்றால் பூச்சு மங்கி உரியத் தொடங்கும். பின்னர் அந்தப் பாகத்தை முழுமையாக மறுபூச்சு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் வட்டார அலுவலகத்து நண்பர் ஒருவர், எட்டு மில்லிமீட்டர் வீச்சுள்ள இயந்திரம் மெதுவாக இருக்கிறது என்று ரோட்டரி இயந்திரம் வாங்கினார். முதல் இரு பாகங்களும் கண்ணாடிபோல் வந்தன. மூன்றாவதாக பானெட்டின் விளிம்பில் பேடைச் சாய்த்தபோது, சில நொடிகளில் விரல் நீளத்துக்குக் கிளியர் கோட் கரைந்து நிறப்பூச்சு வெளிவந்துவிட்டது. விளிம்புகளில் பூச்சு இயல்பாகவே மெல்லியது. ரோட்டரியின் வெப்பமும் அங்கேயே குவியும். பானெட்டை மறுபூச்சு செய்தார். இரண்டாண்டு கழித்துக் காரை விற்கச் சென்றபோது, வாங்க வந்தவரின் பூச்சுமானி மற்றப் பாகங்களில் 110, 120 என்று காட்டிவிட்டு பானெட்டில் 200-ஐத் தாண்டியது. விபத்துக்குள்ளான வண்டி அல்ல என்று அவர் எவ்வளவு விளக்கியும் விலை குறைந்தது குறைந்ததுதான்.

எனவே புதிய இயந்திரம் வாங்கும் முன், பூச்சுமானி ஒன்றை வாங்குங்கள் அல்லது இரவல் பெறுங்கள் என்பதே என் முதல் பரிந்துரை. ஒவ்வொரு பாகத்திலும் நான்கைந்து இடங்களில் அளந்து, பாஸ்புக்கில் இருப்பு எழுதுவதுபோல் நாளிட்டுக் குறித்து வையுங்கள். அது நான்கு அடுக்குகளின் மொத்தப் பருமனையே காட்டும், கிளியர் கோட்டைத் தனியே காட்டாது என்பதை மறக்கலாகாது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மானி வேலை செய்யாது. அலுமினியப் பாகங்களுக்கு அதற்குரிய வசதியுள்ள மானி வேண்டும். மேலும் ஒன்று: சில கார்களில், குறிப்பாகச் சாதாரணத் தனிநிறங்களில், கிளியர் கோட் தனியாக இராது. மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் இட்டுக் கையால் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால், நீங்கள் நேரடியாக நிறப்பூச்சையே தேய்க்கிறீர்கள் என்று பொருள்.

வீச்சும் சுழற்சியும்

இயந்திரங்களில் மூன்று குடும்பங்கள் உள்ளன. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுவது. விரைவாக வெட்டும், விரைவாகச் சூடாக்கும், பிடிக்கும் கோணம் பிசகினால் ஒளிவட்டங்களை விட்டுச்செல்லும். டூயல் ஆக்‌ஷன் இயந்திரத்தில் பேட் தன் மையத்தினின்று விலகி ஊசலாடியபடியே தானும் மெல்லச் சுழலும். அந்தச் சுழற்சி கட்டாயமானதன்று, அழுத்தம் மிகுந்தால் நின்றுவிடும். மூன்றாவது, ஊசலையும் சுழற்சியையும் பற்சக்கரத்தால் பிணைத்த கட்டாயச் சுழற்சி வகை. அதை அழுத்தினாலும் பேட் நிற்காது. ஆங்கிள் கிரைண்டரில் பஞ்சு வட்டை மாட்டிப் பாலிஷ் செய்வாரும் உளர். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டும் அக்கருவிக்கும் கார்ப் பூச்சுக்கும் எந்த உறவும் கிடையாது. அதைப் பற்றி மேலும் எழுதுவது வீண்.

பொழுதுபோக்காளர் பெரும்பாலும் தொடங்குவது எட்டு அல்லது ஒன்பது மில்லிமீட்டர் வீச்சுள்ள டூயல் ஆக்‌ஷனில். வீச்சு என்பது பேட் ஊசலாடும் வட்டத்தின் விட்டம். மேம்பட்ட இயந்திரங்கள் 15 அல்லது 21 மி.மீ. வீச்சில் கிடைக்கின்றன. இத்தாலியின் மிலான் வட்டாரத்தில் 1947-இல் தோன்றிய ரூபெஸ் நிறுவனம் இந்த நீள்வீச்சு வகையைப் பரவலாக்கியது; இன்று பல நாட்டு நிறுவனங்களும் அவ்வழியில் செய்கின்றன. வங்கி இதழில் எழுதுபவன் எந்த நிறுவனத்துக்கும் பரிந்துரைக் கடிதம் தருவது முறையன்று. ஆகையால் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பார்ப்போம்.

நிமிடத்துக்கு 4,000 ஊசல் என்று மூன்று இயந்திரங்களையும் ஒரே வேகத்தில் ஓட்டுவதாகக் கொள்வோம். எட்டு மி.மீ. வீச்சில் பேடின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஊசலுக்குச் சுமார் 25 மி.மீ. நகரும், நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 மீட்டர். 15 மி.மீ. வீச்சில் 188 மீட்டர். 21 மி.மீ. வீச்சில் 264 மீட்டர். பேட் மெல்லச் சுழல்வதை இதில் சேர்க்கவில்லை. ஒரே நிமிடத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு தேய்ப்பு என்பதுதான் நீள்வீச்சின் முழு இரகசியம். வாட் எண்ணைப் பார்த்து இயந்திரம் வாங்குவோர் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை. 900 வாட் மோட்டார் 500 வாட் மோட்டாரைவிட அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் பேட் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதை முடிவு செய்வது வீச்சும் வேகமுமே.

அப்படியானால் 21 மி.மீ. வாங்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நம் நாட்டுக் கார்களின் உருவம் குறுக்கிடுகிறது. பேடின் சுழற்சி கட்டாயமற்றது என்றேன் அல்லவா? வளைவான இடத்தில் பேடின் ஒரு பக்கம் மட்டும் அழுந்தும்போது சுழற்சி நின்று, வெறும் அதிர்வு மட்டும் எஞ்சும். தேய்ப்பு வெகுவாகக் குறையும். வீச்சு நீளும்தோறும் இச்சிக்கல் மிகும். சிறிய ஹேட்ச்பேக் காரில் சமதளம் என்று சொல்லத்தக்க இடம் கூரையும் பானெட்டின் நடுப்பகுதியும்தான். மற்றவை எல்லாம் வளைவு, மடிப்பு, ஒடுங்கிய தூண், நம்பர் பிளேட்டைச் சுற்றிய குழிவு. ஆறு அங்குல பிளேட்டுடன் வரும் 21 மி.மீ. இயந்திரம் அவ்விடங்களில் உட்காரவே உட்காராது. பெரிய எஸ்யூவி வைத்திருப்போருக்கும், நண்பர்களின் பல கார்களைச் செய்து தருவோருக்கும் அது பொருந்தும். ஒரே ஒரு மேம்பட்ட இயந்திரம்தான் வாங்கப்போகிறீர்கள் எனில், ஐந்து அங்குல பிளேட்டுள்ள 15 மி.மீ. வகையே பெரும்பாலோருக்குப் போதுமானது என்பது என் முடிவு. தூண்களுக்கும் பம்பர் மூலைகளுக்கும் பழைய எட்டு மி.மீ. இயந்திரத்தை விற்காமல், மூன்றரை அங்குல பிளேட் மாட்டிப் பயன்படுத்துங்கள். அப்படி மாட்டும்போது எதிர்எடை பொருந்துகிறதா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேட்டின் எடைக்கேற்பவே எதிர்எடை அமைக்கப்படுகிறது, பொருந்தாவிடில் அதிர்வு கூடும்.

கட்டாயச் சுழற்சி வகையைப் பற்றி ஒரு சொல். வளைவிலும் நிற்காமல் வெட்டும் வலிமை அதற்குண்டு. கையை ஒரு பக்கம் இழுக்கும் குணமும் உண்டு. பொறுமையுடன் பழகுவோர் அதைக் கைவிடுவதில்லை. ஆயினும் இரண்டாம் இயந்திரமாக அதை நான் பரிந்துரைப்பதில்லை. பேட் நின்றுபோவது ஒருவகையில் பாதுகாப்பும்கூட. தவறான அழுத்தத்தை அது உடனே காட்டிக்கொடுக்கிறது.

இயந்திரம்தான் குறையா?

வாங்கும் முடிவுக்கு முன் ஒரு சோதனை செய்யலாம். இப்போதுள்ள இயந்திரத்தின் பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இடுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றி வருவது தெரிந்தால் பேட் சுழல்கிறது. கோடு ஒரே இடத்தில் நடுங்கினால் சுழற்சி நின்றுவிட்டது. பல வேளைகளில் காரணம் இயந்திரமன்று. தடித்த மலிவுப் பேட், பாலிஷ் ஊறி நனைந்த பேட், பேடைவிடப் பெரிய பிளேட், உடல் எடை முழுவதையும் சாய்த்து அழுத்தும் பழக்கம் என இவற்றுள் ஒன்றாகவே இருக்கும். மெல்லிய நல்ல பேட் ஆறு வாங்கி, ஒரு பாகத்துக்கு ஒன்று என மாற்றிப் பாருங்கள். செலவு இயந்திரத்தின் விலையில் சிறு பங்குதான். இதற்குப் பின்னும் வேலை நகரவில்லை என்றால் மேம்பாட்டுக்குக் காரணம் உண்டு.

கை மரத்துப்போவது வேறு வகைக் காரணம். அதை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. கீறல் நீக்கம் ஒரு நாள் முழுவதும் இழுக்கும் வேலை. இரண்டு மூன்று கிலோ இயந்திரம் அவ்வளவு நேரமும் கையில் அதிரும். தரமான இயந்திரங்களின் கையேட்டில் அதிர்வு அளவு மீட்டர்/நொடி² என்ற அலகில் அச்சிடப்பட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதி, எட்டு மணி நேர வேலைநாளின் சராசரியாக 2.5 என்ற அளவை எட்டினால் நடவடிக்கை தேவை என்றும், 5-ஐத் தாண்டலாகாது என்றும் வகுத்துள்ளது. தொழிலாளருக்கான விதிதான், ஆனால் மணிக்கட்டுக்குத் தொழில், பொழுதுபோக்கு என்ற வேறுபாடு தெரியாது. கடைக்காரரிடம் வாட் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இந்த எண்ணைக் கேளுங்கள். கையேட்டில் அந்த எண்ணே இல்லாத இயந்திரத்தை நான் தவிர்ப்பேன்.

மின்சாரமும் உதிரிபாகமும்

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் இயந்திரம் 120 வோல்ட்டுக்கு உரியது. நம் 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துபோகும். மின்மாற்றி வைத்து ஓட்டலாம் எனினும், 900 வாட்டுக்கு ஏற்ற மின்மாற்றி பளுவானது, விலையும் உண்டு. அதைவிட முக்கியம், அந்த இயந்திரத்தின் உத்தரவாதம் இந்தியாவில் பெரும்பாலும் செல்லுபடியாகாது. இங்கு விலைப்பட்டியலுடன் வாங்குங்கள். கார்பன் பிரஷ், பிளேட் முதலிய உதிரிபாகங்கள் உள்நாட்டில் கிடைக்கின்றனவா என்பதைக் கேட்டறியுங்கள். பழைய பிளேட்டும் புதியதற்குப் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். எட்டு மி.மீ. இயந்திரங்கள் பலவற்றில் 5/16 அங்குலத் திருகு, நீள்வீச்சு வகையில் பெரும்பாலும் எம்8, ரோட்டரியில் எம்14.

கீழ்த்தள நிறுத்துமிடத்தில் மின்செருகி இல்லாதோர் பேட்டரி இயந்திரத்தை நாடுகின்றனர். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் இருப்பது 90 வாட்-மணி. இயந்திரம் சராசரியாக 300 வாட் இழுத்தால் 18 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு காரை முடிக்கப் பேட்டரிகள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி பெற்று ஒரு நல்ல நீட்டிப்புக் கம்பி இழுப்பது மலிவு.

ஒரு முறைக்கு எவ்வளவு?

இப்போது ரூபாய்க் கணக்கு. மேம்பட்ட இயந்திரம் ரூ.36,000 என்றும், ஐந்தாண்டு கழித்து ரூ.12,000-க்கு விற்கலாம் என்றும் ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். முடங்கிய தொகைக்கு 7 விழுக்காடு தனிவட்டி ஐந்தாண்டுக்கு ரூ.12,600. ஆக நிகரச் செலவு ரூ.36,600. ஆண்டுக்கு இரண்டு கார் எனில் பத்து முறை, முறைக்கு ரூ.3,660. விற்க முடியாத ரூ.8,000 இயந்திரத்துக்கு இதே கணக்கில் ரூ.10,800, முறைக்கு ரூ.1,080. ஆண்டுக்கு ஆறு கார் செய்வோருக்கு இவை முறையே ரூ.1,220 ஆகவும் ரூ.360 ஆகவும் இறங்கும்.

ஒரே கார் வைத்திருப்பவர் ஆண்டுக்கு இருமுறை கீறல் நீக்கம் செய்யவும் கூடாது. முதலில் சொன்ன வைப்புக் கணக்கு அதற்கு இடந்தராது; இரண்டு மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும். அவருக்கு இந்த முதலீடு எந்தக் கணக்கிலும் கட்டாது. ஒரே வளாகத்தில் நான்கு ஆர்வலர் சேர்ந்து ஓர் இயந்திரம் வாங்குவது நல்ல வழி. பேட்கள் மட்டும் அவரவர்க்குத் தனி. நேரம் மிச்சமாகும் என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையின் அந்த நேரத்துக்காகத்தானே இந்தப் பொழுதுபோக்கையே மேற்கொண்டோம்? கை நோகிறது என்பது வலுவான காரணம். நேரம் மிச்சம் என்பது அவ்வளவு வலுவானதன்று.

வட்டியில்லா மாதத் தவணை என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்குவோர் கவனிக்க வேண்டியது: பூஜ்ய விழுக்காடு வட்டி என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை வழியாக வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியிருக்கிறது. வழக்கமாக, வட்டிக்கு ஈடான தொகையை விற்பனையாளர் தள்ளுபடியாகத் தருவார். வங்கி வட்டியை வசூலிக்கும். கடன் அட்டையில் அந்த வட்டிமீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. வட்டி ரூ.1,500 எனில் ரூ.270, செயலாக்கக் கட்டணம் தனி. அதே தள்ளுபடியை ரொக்க விலையில் கேட்டுப் பாருங்கள். பல நேரங்களில் கிடைக்கும். கடன் அட்டை நிலுவையைச் சுழலவிட்டு மட்டும் வாங்காதீர்கள். மாதம் மூன்று விழுக்காட்டுக்கு மேல் வட்டி ஓடும் நிலுவையில் வாங்கிய பாலிஷரைவிடக் கீறல் விழுந்த காரே மேல்.

நுண்இழைத் துணி ஒரு டஜன் வாங்கிக் காலையில் துடைக்கும் ஊழியரிடம் கொடுத்து, தினமும் புதிய துணி, வாரம் இருமுறை மட்டும் ஈரத்துடைப்பு, மற்ற நாள்களில் கண்ணாடி மட்டும் போதும் என்று அவருடன் பேசி முடிவு செய்யுங்கள், சம்பளத்தைக் குறைக்காமல். இதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். எந்த இயந்திரமும் இதைவிட அதிக மைக்ரானைச் சேமித்துத் தராது.

வாங்கிய பின்

புதிய இயந்திரத்தின் முதல் வேலை உங்கள் கார் ஆகக்கூடாது. டெல்லி மாயாபுரி, மும்பை குர்லா, கொல்கத்தா மல்லிக் பஜார், சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய வாகனப் பாகச் சந்தைகளில் ஒரு பானெட்டோ கதவோ பேரம் பேசி வாங்கி வாருங்கள். கறுப்பு நிறமாயின் குறைகள் எளிதில் தெரியும். விளிம்பில் வேண்டுமென்றே அழுத்திப் பாருங்கள். எத்தனை நொடியில் பூச்சு சூடாகிறது, எந்தச் சாய்வில் பேட் நிற்கிறது என்பது கைக்குத் தெரிய வேண்டும். பூச்சு எங்கே கரைகிறது என்பதையும் அந்தப் பழைய பானெட்டிலேயே கண்டுகொள்ளுங்கள்.

பின்னர் உங்கள் காரில், நன்கு கழுவி, கிளே பாரால் ஒட்டுமாசு நீக்கி, ரப்பர்ப் பட்டைகளுக்கும் கூரான மடிப்புகளுக்கும் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, நிழலில், உலோகம் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் தொடங்குங்கள். இருப்பதில் மிக மென்மையான பாலிஷையும் பேடையும் கொண்டு, இரண்டடிச் சதுரத்தில் மட்டும் முதலில் செய்து பாருங்கள். அதிலேயே கீறல் முக்கால்வாசி மறைந்தால் கடுமையான காம்பவுண்டின் மூடியைத் திறக்கவே வேண்டாம். எஞ்சிய ஆழமான கீறல்கள் அங்கேயே இருக்கட்டும். முடித்ததும் பூச்சுமானியில் அளந்து, நாளிட்டு, பழைய எண்ணுக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.